கோடையைத் தாண்டும் தக்காளியும் மிளகாயும்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தக்காளிச் செடி ஆளுயரம் வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்காமல் பூவெல்லாம் காம்போடு கழன்று விழுகிறது. கோடையில் புதிதாகச் செடி வைத்தவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இதைத்தான். உடனே உரம் போதவில்லை என்று நினைத்து ஒரு பிடி கூடுதலாக வைப்பார்கள். அதனால் பயன் இல்லை, கெடுதல்தான் உண்டு.

பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் சில நாள்கள் தொடர்ந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி, மகரந்தப்பைகள் சேர்ந்த கூம்பைத் தாண்டி வெளியே நீண்டுவிடுவதும் உண்டு. அப்போது நல்ல மகரந்தம் இருந்தாலும் அது போய்ச் சேராது. கருவுறாத பூவைச் செடி உதிர்த்துவிடும். குடைமிளகாய் இன்னும் மென்மையானது, 32 டிகிரியிலேயே பூ கொட்டத் தொடங்கும். சிறிய காரமிளகாய் ரகங்கள் இவற்றைவிடக் கொஞ்சம் தாங்கும். எந்தக் கரைசலைத் தெளித்தாலும் இந்த உதிர்வு நிற்காது, வெயில் தணிய வேண்டும்.

எனவே உச்சிக்கோடையில் காயை எதிர்பார்க்காமல் வேரையும் இலையையும் காப்பாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரவு குளிர்ந்த இரண்டு மூன்று வாரங்களில் செடி தானாகப் பிஞ்சு பிடிக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

நாளைக் கணக்கிட்டு விதையுங்கள்

தக்காளி விதை 5 முதல் 8 நாளில் முளைக்கும். மிளகாய்க்கு 8 முதல் 14 நாள் ஆகும். தக்காளி நாற்றை 25 முதல் 30 நாளில் பிடுங்கி நடலாம், மிளகாய் நாற்றுக்கு 40 முதல் 45 நாள் கொடுங்கள். நட்ட ஐந்தாறு வாரத்தில் பூ வரும். பூவைத்தான் வெயில் கொல்லும். ஏற்கெனவே நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்ட காய் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். உங்கள் ஊரில் பகல் வெப்பம் வழக்கமாக எந்த வாரம் 35 டிகிரியைத் தொடுகிறது என்று பாருங்கள். அந்த வாரத்திலிருந்து தக்காளிக்கு 90 நாள், மிளகாய்க்கு 110 நாள் பின்னோக்கி எண்ணினால் விதைக்க வேண்டிய நாள் கிடைக்கும். அந்த நாள் கடந்துவிட்டதென்றால் இப்போது அவசரப்பட்டு விதைக்க வேண்டாம். வெயில் இறங்கத் தொடங்கும்போது நாற்று நடவுக்குத் தயாராக இருக்கும்படி, அதற்கு ஒரு மாதம் முன்பு, மிளகாய் என்றால் ஒன்றரை மாதம் முன்பு, நிழலில் நாற்றுவிடுங்கள்.

ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய காய்க்கு ஆசைப்பட வேண்டாம். சின்னஞ்சிறு செர்ரித் தக்காளி ரகங்கள் பெரிய ரகங்களைவிட வெயிலில் நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். விதைப் பொட்டலத்தில் 'வி', 'எஃப்', 'என்' என்ற எழுத்துகள் இருந்தால் அந்த ரகம் முறையே வெர்டிசிலியம் வாடல், ஃபுசேரியம் வாடல் என்னும் பூஞ்சை நோய்கள், வேரைத் தாக்கும் நூற்புழு ஆகியவற்றைத் தாங்கும் என்று பொருள். 'டி.ஒய்.எல்.சி.வி.' என்றிருந்தால் இலைச்சுருட்டை வைரஸைத் தாங்கும். வெள்ளை ஈ தொல்லை உள்ள இடத்தில் இந்த ஐந்து எழுத்து எல்லாவற்றையும்விட முக்கியம்.

நாற்றங்காலைத் திறந்து போடாதீர்கள். 40 முதல் 50 மெஷ் (ஓர் அங்குல நீளத்தில் அத்தனை கண்கள்) பூச்சிவலையால் விதைத்த நாளிலிருந்தே மூடி வையுங்கள். வைரஸ் பரப்பும் வெள்ளை ஈ நான்கு இலை நாற்றிலேயே வந்து உட்கார்ந்துவிடும். அந்த வயதில் நோய் தொற்றிய செடியில் பிறகு பேர் சொல்லும்படி ஒரு காயும் கிடைக்காது.

தொட்டி, மண், நடவு

தரையில் நட இடமிருந்தால் தரையே மேல். மண் ஆழத்தில் வேர் குளிர்ச்சியாக இருக்கும். தொட்டியோ வளர்ப்புப் பையோதான் வழி என்றால் தக்காளிக்குக் குறைந்தது 20 லிட்டர், குடைமிளகாய்க்கு 15 லிட்டர், காரமிளகாய்க்கு 12 லிட்டர் கொள்ளளவு வேண்டும். 5 லிட்டர் தொட்டியில் தக்காளி காய்க்காமல் போகாது. ஆனால் கோடையில் அந்த மண் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். கறுப்புத் தொட்டி வெயிலை உறிஞ்சி வேரை வேகவைக்கும். வெள்ளைப் பையோ மண்தொட்டியோ வாங்குங்கள். கறுப்பு ஏற்கெனவே இருந்தால் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசிவிடலாம், அல்லது ஈரச் சாக்கைச் சுற்றிவிடலாம். சிமென்ட் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். காற்று கீழே ஓடும், வடிகால் துளையும் அடையாது.

மண் கலவைக்குத் தோட்டமண் ஒரு பங்கு, கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. 20 லிட்டர் கலவைக்கு 50 கிராம் வேப்பம்பிண்ணாக்கு சேர்த்து, ஈரப்படுத்தி ஒரு வாரம் வைத்துவிட்டு நடுங்கள். தென்னைநார்த் தூளைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும். தொழுவுரம் மக்காமல் இருந்தால் மக்கும்போது எழும் சூடு வேரைத் தாக்கும்.

நடும்போது இரண்டு செடிக்கும் ஒரே முறை பொருந்தாது. தக்காளியின் தண்டை மண்ணில் புதைத்தால் அதிலிருந்து வேர்விடும். ஆகவே கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே நான்கைந்து இலை மட்டும் தெரிய ஆழமாக நடுங்கள். மிளகாயை நாற்றுத்தட்டில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள். தக்காளிக்குச் செடிக்குச் செடி 60 செ.மீ., மிளகாய்க்கு 45 செ.மீ. இடைவெளி விடுங்கள். முட்டுக்கழியை நடும் அன்றே ஊன்றிவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும். நடவு மாலையில் நடக்கட்டும். முதல் நான்கைந்து நாள் நிழல் கட்டாயம்.

தண்ணீர்

கோடையில் செடி கெடுவதற்குத் தண்ணீர் இல்லாமல் போவதைவிடத் தண்ணீர் முறை தவறுவதே பெரிய காரணம். பகல் 2 மணிக்கு இலைகள் தொங்கும். பார்த்தவுடன் கை குடத்தைத் தேடும். பொறுங்கள். இலை வழியாக வெளியேறும் நீரின் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாதபோது, மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கும். வெயில் சாய்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் செடிக்கு ஒன்றும் இல்லை. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஒவ்வொரு மதியமும் பயந்து ஊற்றினால் மண் சேறாகி, காற்றில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது, இலை இன்னும் தொங்கும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள்.

விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். அங்கே உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் ஒட்டினால் விடுங்கள். காலை வெயில் ஏறுமுன், வேரடியில், மெதுவாக, தொட்டியின் அடித்துளையில் தண்ணீர் வடியும்வரை ஊற்ற வேண்டும். காய்த்திருக்கும் தக்காளிச் செடி 20 லிட்டர் பையில் உச்சிக்கோடையில் ஒரு நாளைக்கு 2 முதல் 4 லிட்டர் வரை குடிக்கும். சில நாள் மாலையிலும் ஒரு முறை தேவைப்படும். தரையில் நட்ட செடிக்குத் தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஆழமாகப் பாய்ச்சுவது நல்லது. மேலாக நனைத்தால் வேரும் மேலாகவே படர்ந்து வெயிலில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர்க்குழாய் வெயிலில் கிடந்திருந்தால், முதலில் வரும் கொதிநீரை வேறெங்காவது விட்டுவிட்டுப் பிறகு செடிக்குப் பிடியுங்கள்.

காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போல் உள்ளமுங்கிப் போகும் பூமுனை அழுகலும் தண்ணீர்க் கோளாறுதான். கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு மட்டுமே ஏறும். மண் ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் நனைந்தால், ஏறுகிற கொஞ்சத்தையும் இலைகளே எடுத்துக்கொள்ளும், காயின் நுனிக்குப் போய்ச் சேராது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகும் என்று பலரும் நம்புகிறார்கள். அது மண்ணில் கரையவே பல மாதங்கள் ஆகும். எப்சம் உப்பில் இருப்பது மெக்னீசியம். அது கால்சியத்தோடு போட்டியிட்டு நிலைமையை மோசமாக்கும். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை நிறுத்தி, ஈரத்தை ஒரே சீராக வைத்தால் அடுத்த கொத்துக் காய்கள் நன்றாக வரும். கறுத்த காய்களைப் பறித்து எறியுங்கள், அவை தேறாது. மண் நீண்ட நாள் காய்ந்து கிடந்த பிறகு திடீரென்று நிறைய ஊற்றும்போது பழம் வெடிப்பதும் இதே சீரின்மையால்தான்.

நிழலும் மூடாக்கும்

வேரடியில் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு வைக்கோல், காய்ந்த இலை, உலர்ந்த புல் எதையாவது பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு விரல் அகலம் வெற்றிடம் விடுங்கள், தண்டோடு ஒட்டினால் அழுகும். வாரந்தோறும் மூடாக்கு மட்கிக் குறையும், மேலே சேர்த்துக்கொண்டே வாருங்கள். இதைப்போல் குறைந்த செலவில் நிறையப் பலன் தருவது வேறெதுவும் கிடையாது.

நிழல்வலை 30 முதல் 40 சதவீதம் போதும். 75 சதவீத வலையைக் கட்டினால் செடி வெளிச்சம் தேடி நெட்டையாக வளரும், பூக்காது. வலையைச் செடியின் மேல் போர்த்தாமல், உச்சியிலிருந்து ஓரிரு அடி உயரத்தில் பந்தல்போல் கட்டுங்கள். பக்கங்கள் திறந்திருந்தால்தான் சூடான காற்று வெளியேறும். மேலே கட்ட வழியில்லையென்றால் மேற்குப் பக்கம் மட்டும் திரைபோல் தொங்கவிடுங்கள். காலை வெயில் செடிக்கு வேண்டும், கொல்வது பிற்பகல் வெயில். வெப்ப அலை தணிந்ததும் வலையைக் கழற்றிவிடுங்கள்.

வெயில் காலத்தில் இலைகளைக் கழிப்பதும் கூடாது. மண்ணைத் தொடும் அடி இலைகளை மட்டும் எடுக்கலாம். இலை மறைப்பு போனால், வெயிலைப் பார்த்த பக்கத்தில் காய் வெளுத்து, காகிதம்போல் உலரும். தக்காளியில் இந்த வெயில்காயம் தோளிலும் பக்கத்திலும் வரும், பூமுனை அழுகல் அடியில் வரும். மிளகாயில் பூமுனை அழுகல் பக்கவாட்டிலும் வருவதால் குழப்பிக்கொள்ள இடமுண்டு. வெயிலே படாத பக்கம் என்றால் அது தண்ணீர்க் கோளாறு.

கடும் வெயில் நாள்களில் தக்காளியைச் செடியில் பழுக்கவிட வேண்டாம். சுமார் 32 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைகோபீன் சரியாக உருவாகாது, பழம் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடும். அடியில் இளஞ்சிவப்பு லேசாகத் தட்டியதும் பறித்து வீட்டுக்குள் வையுங்கள். பழுக்க வெளிச்சம் தேவையில்லை, 20 முதல் 25 டிகிரி வெப்பம் போதும். பறவையும் அணிலும் கொத்துவதற்குள் கையில் கிடைப்பது கூடுதல் லாபம்.

இந்த நாள்களில் காற்றே இல்லாவிட்டால், காலை 8 முதல் 10 மணிக்குள் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். கொஞ்சம் வீரியமுள்ள மகரந்தம் இருந்தாலும் அது பிஞ்சாகும்.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

வாரத்துக்கு இரண்டு முறை, செடிக்கு ஐந்து இலையாவது திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பல மருந்துச் செலவு மிச்சமாகும். 'இலை சுருண்டுவிட்டது, என்ன அடிக்கலாம்?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சுருளும் விதம்தான் காரணத்தைச் சொல்லும்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டு, படகுபோல் மடிந்து, அடியில் வெள்ளியும் பழுப்புமாகக் கீறல் தெரிந்தால் இலைப்பேன். பூவை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள், நூல்துண்டுபோல் ஓடும். இலை கீழ்நோக்கி, கவிழ்த்த படகுபோல் வளைந்து, காம்பு நீண்டு, கொழுந்து தடித்து நின்றால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்னும், சிலந்தி இனத்து நுண்ணிய உயிரி. அது கண்ணுக்குத் தெரியாது, லென்ஸில்தான் பார்க்க வேண்டும். இலை சிறுத்து, மஞ்சள் பாய்ந்து, செடியே குட்டையாகி, தொட்டால் வெள்ளை ஈ பறந்தால் அது வைரஸ்.

தக்காளியிலும் இப்படித்தான் வேறுபடுத்த வேண்டும். அடி இலைகள் நீளவாக்கில் சுருண்டு, தடித்து, பச்சையாகவே இருந்து, கொழுந்து இயல்பாக வளர்ந்தால் அது வெயிலுக்குச் செடி தன்னைச் சுருக்கிக்கொள்வது. ஒன்றும் செய்ய வேண்டாம். கொழுந்து இலை சிறுத்து, கிண்ணம்போல் குவிந்து, ஓரம் மஞ்சளானால் இலைச்சுருட்டை வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிய பிறகு பிடுங்குங்கள். மூடாமல் பிடுங்கினால் அதிலிருக்கும் வெள்ளை ஈ அடுத்த செடிக்குப் பறந்துவிடும். மனம் வராமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் வரிசை முழுக்கப் போகும்.

இலை மேல்பக்கம் ஊசி குத்தியதுபோல் வெளிர்புள்ளிகள், அடியில் மெல்லிய வலை: செஞ்சிலந்தி. வறண்ட சூடு இதற்குக் கொண்டாட்டம். 30 டிகிரியில் முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை ஆகிவிடும். முதல் மருந்து தண்ணீர்தான். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், மூன்று நாள் தொடர்ந்து. அசுவினிக்கும் இதுவே போதும், ஆனால் எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள். தேன்போன்ற கழிவுக்காக எறும்புகள் அசுவினியைப் பாதுகாக்கும். சிலந்தி இருக்கும்போது கண்ட பூச்சிக்கொல்லியையும் அடிக்க வேண்டாம். அதைத் தின்னும் நன்மைப் பூச்சிகள் முதலில் சாகும், சிலந்தி பல மடங்காகும்.

மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈயையும் அசுவினியையும் ஈர்க்கும், நீலம் இலைப்பேனை ஈர்க்கும். செடி உச்சி மட்டத்தில் கட்டி, செடி வளர வளர உயர்த்துங்கள். பொறி பூச்சியை ஒழிக்காது. எப்போது வந்தது என்று அறிவிக்கும்.

காயில் வட்டமான ஓட்டையும் பாதி உடலை வெளியே நீட்டிய புழுவும் தெரிந்தால் காய்ப்புழு. ஓட்டைக் காய்களைப் பறித்து அழியுங்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தூள், பெரும்பாலும் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் (பொட்டலத்தில் உள்ள அளவே இறுதி), மாலையில் தெளிக்கலாம். வெயில் பட்டால் அது வீணாகும். சிறு புழுவைத்தான் கொல்லும், காய்க்குள் புகுந்ததை எட்டாது. 45 நாள் வயதுச் செண்டுமல்லி நாற்றை 25 நாள் தக்காளி நாற்றோடு ஒரே நாளில் ஓரத்தில் நட்டால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும், தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லிக்குப் போய் முட்டையிடும். இலையில் பாம்பு நெளிந்ததுபோல் வெள்ளைக் கோடு போடும் இலைத்துளைப்பானுக்கு மருந்து வேண்டாம், அந்த இலையைக் கிள்ளினால் போதும்.

தெளிக்கும் முறை

வேப்பெண்ணெயும் சோப்பும் வீட்டுத் தோட்டத்துக்குப் பெரும்பாலும் போதும், ஒழுங்காகத் தெளித்தால்.

1. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் 2 மி.லி. காதிச் சோப்புபோன்ற சாதாரணத் திரவச் சோப்பைக் கரையுங்கள். துணி துவைக்கும் தூள் ஆகாது, இலையைக் கருக்கும்.
2. அதில் 5 மி.லி. வேப்பெண்ணெய் விட்டு, பால்போல் வெளுக்கும்வரை குலுக்குங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் கலக்கவில்லை என்று பொருள்.
3. மீதித் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, இரண்டு இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள்.
4. கருகல் இல்லையென்றால் வெயில் மறைந்த பிறகு, 32 டிகிரிக்குக் கீழே, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.
5. 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை அடியுங்கள். முட்டைகள் முதல் தெளிப்பில் சாகாது.

முரணைச் சிலந்திக்கு நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம், நன்றாக வேலை செய்யும். ஆனால் 32 டிகிரிக்கு மேல் அடித்தால் செடி எரியும். எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகத்தைத் தொடவும் கூடாது. வாடி நிற்கும் செடிக்கு எதையும் அடிக்காதீர்கள். முதலில் தண்ணீர், மறுநாள் மருந்து.

காலையிலும் வாடி நின்றால்

இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று சாய்ந்தால் தண்டின் அடியை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போல் நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். பால் இறங்காமல், ஒரு பக்க இலைகள் மட்டும் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ஃபுசேரியம். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் மணிபோல் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. மூன்றிலும் செடியை அப்புறப்படுத்துவதே வழி. அந்த மண்ணில் அடுத்து தக்காளி, மிளகாய், கத்தரி வைக்காதீர்கள். கோடை வெயிலையே இதற்குப் பயன்படுத்தலாம்: காலி மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை ஓரம் மண்ணால் அழுத்தி மூடி, 4 முதல் 6 வாரம் விட்டால் நூற்புழுவும் பல பூஞ்சைகளும் வெகுவாகக் குறையும்.

வெயில் இறங்கும்போது

உச்சிக்கோடையில் உரத்தைக் குறைத்திருப்பீர்கள். இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் மீண்டும் தொடங்கலாம். மிளகாய்ச் செடியில் மூன்றில் ஒரு பங்குக் கிளையைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறி, தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் புதுக் கிளையில் மொட்டு வரும். மிளகாய் பல ஆண்டு வாழக்கூடிய செடி, கோடையில் களைத்ததைப் பிடுங்கி எறிவது நட்டம்.

தக்காளியைப் பொறுத்தவரை பழைய செடியைத் தேற்றுவதைவிடப் புதிது செய்வது எளிது. நோயில்லாத, கொடிபோல் வளரும் செடியின் இலைக்கணுவில் வரும் பக்கக் கிளையை 15 செ.மீ. நீளத்துக்கு ஒடித்து, அடி இலைகளையும் பூவையும் கிள்ளிவிட்டு, ஈரமான தென்னைநார்த் தூளில் செருகி நிழலில் வையுங்கள். 7 முதல் 10 நாளில் வேர்விடும். மெதுவாக இழுத்துப் பார்த்துப் பிடிப்பு இருந்தால், நான்கைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வெயிலுக்குப் பழக்கி, பிறகு ஆழமாக நடுங்கள். விதையிலிருந்து வருவதைவிட மூன்று நான்கு வாரம் முன்பே பூக்கும்.